கம்பி அறுந்தால் ஆறும் அணைய வேண்டுமா?

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைக் கடந்த நாட்களில் ஊவா மாகாண மலைகளில் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. பதுளு ஓயாவும் உமா ஓயாவும் பெருகின. வரைபடத்தில் பெயரே இல்லாத ஓடைகள்கூட மண்ணையும் பாறையையும் உருட்டிக்கொண்டு இறங்கின. நாடு முழுவதும் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அந்தப் பேரிடரில் கண்டி, நுவரெலியா மாவட்டங்களோடு பதுளையும் பலத்த அடி வாங்கியது. பாதைகள் துண்டாயின, மலையக ரயில் பாதை பல இடங்களில் மண்ணோடு போனது, மின்கம்பங்கள் சரிந்தன, கரண்ட் போன பிறகு தொலைபேசிக் கோபுரங்களும் வாய் மூடின. இந்தத் துயரத்துக்குள் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. உயரத்திலிருந்து விழும் தண்ணீரைத்தான் இந்த நாடு நூறு வருடங்களாக மின்சாரமாக மாற்றி வருகிறது. அந்தத் தண்ணீர் வருடத்திலேயே அதிகமாக விழுந்த வாரத்தில்தான் அது விழும் மலைகள் இருட்டில் கிடந்தன. வெள்ளம் வந்த அன்று எந்தச் சிறு நீர்மின் நிலையமும் ஓடாது என்பது உண்மைதான். குப்பையும் கல்லும் வந்து வாய்க்காலை அடைத்துவிடும், பொறியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். கேள்வி மறுநாளையும் அதற்கடுத்த பத்து நாட்களையும் பற்றியது. வாய்க்காலைத் துப்புரவாக்கிவிட்டால் சுழலி சுழலத் தயாராக இருக்கும். ஆனாலும் அது சுழலாது. மலையடிவாரத்தில் எங்கோ அறுந்து கிடக்கும் ஒரு கம்பியை மின்சார சபை வந்து கட்டும்வரை அது காத்திருக்க வேண்டும். ஊவாவின் மின்சாரக் குறையை உற்பத்திக் குறை என்று சொல்வது தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். மின்சாரம் பிறக்கும் இடமும் அதைப் பாவிக்கும் இடமும் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன; நடுவில் தேசிய வலையமைப்பு இல்லாவிட்டால் ஒன்றையொன்று தொடக்கூடாது என்ற ஏற்பாடுதான் குறை.

இந்த ஏற்பாடு யாருடைய வஞ்சகமும் அல்ல. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது பாதுகாப்பு. பிரதான கம்பியில் மின்சாரம் போய்விட்டது என்று நம்பி ஒரு தொழிலாளி கம்பத்தில் ஏறும்போது, மறுமுனையில் ஏதோ ஒரு சிறு நிலையம் தன்பாட்டில் கம்பிக்கு மின்சாரம் ஊட்டிக்கொண்டிருந்தால் அவர் உயிர் போகும். ஆகவே வலையமைப்பு விழுந்த மறுகணமே அதோடு இணைந்த சிறு நிலையங்களும் கூரைச் சோலார்களும் தாமாகவே கழன்றுகொள்ள வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள விதி. இரண்டாவது காரணம் பொறியின் இயல்பு. சிறிய நீர்மின் நிலையங்கள் பலவற்றில் இருப்பது தூண்டல் வகைப் பிறப்பாக்கி. அது அடிப்படையில் ஒரு மோட்டார்தான். தண்ணீரால் வேகமாகச் சுழற்றினால் மின்சாரத்தைத் திருப்பித் தரும். மலிவானது, உடையாதது, பழுது பார்க்கவும் எளிது. ஒரே குறை, தனக்கு வேண்டிய காந்தப்புலத்தை அது வலையமைப்பிடமிருந்துதான் கடன் வாங்குகிறது. கடன் கொடுப்பவன் போனால் அதுவும் போயிற்று. சோலாரின் நிலையும் ஏறக்குறைய இதுதான். கூரையில் பூட்டப்படும் சாதாரண இன்வெர்ட்டர் வலையமைப்பின் தாளத்தைக் கேட்டு, அதற்கேற்ப மின்சாரம் தள்ளும். தாளம் நின்றால் நடுப்பகல் வெயிலிலும் அது வெறும் கண்ணாடித் தகடு. இலட்சக்கணக்கில் செலவழித்துச் சோலார் பூட்டியவர்கள் கரண்ட் போனதும் தங்கள் வீடும் இருண்டதைக் கண்டு திகைத்ததற்குக் காரணம் இதுவே.

ஆனால் மலைநாட்டு மின்சாரம் இப்படித் தொடங்கவில்லை. வலையமைப்பு என்ற சொல்லே இங்கு வராத காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, தோட்டங்கள் தத்தம் ஓடைகளில் சுழலிகளைப் பூட்டிக்கொண்டன. இங்கிலாந்தின் கெண்டல் நகரில் இருந்த கில்க்ஸ் பட்டறையின் சுழலிகள் கப்பலேறி, பிறகு மனித முதுகிலும் மாட்டு வண்டியிலும் மலையேறி, தேயிலைத் தொழிற்சாலைகளின் அடித்தளத்தில் உட்கார்ந்தன. முதலில் அவை மின்சாரம்கூடத் தரவில்லை. நீண்ட இரும்புத் தண்டையும் தோல் பட்டைகளையும் சுழற்றி உருட்டு யந்திரங்களை நேராகவே ஓட்டின. மின்சாரம் பின்னால் வந்தது, தொழிற்சாலைக்கும் துரையின் பங்களாவுக்கும். தொழிலாளர் குடியிருந்த லயன்களுக்கு வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தப் பொற்காலத்தைப் பற்றி ஏங்குபவர்கள் இந்த ஒரு வரியை வழக்கமாக விட்டுவிடுகிறார்கள். பொறியியலாளர் டீ. ஜே. விமலசுரேந்திர 1918-இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் படித்த அறிக்கை நாட்டின் அருவிகளைப் பெரிய அளவில் கட்டியாள வழி சொன்னது. அவர் கனவு கண்ட லக்சபான நிலையம் 1950-இல்தான் மின்சாரம் தந்தது. அதன் பின் வலையமைப்பு மலைகளில் ஏற ஏற, மலிவும் சிரமமின்மையும் தோட்டங்களை அதன் பக்கம் இழுத்தன. சுழலிகள் ஒவ்வொன்றாக நின்றன, குழாய்கள் துருவேறின, வாய்க்கால்களில் புல் முளைத்தது. இன்றும் சொந்தச் சுழலியை ஓட்டும் தோட்டங்கள் மிகச் சில.

கிராமங்களில் இதே கதை இன்னொரு முறை நடந்தது, அதிக வேகத்தில். ஐ.டி.டி.ஜி. என்ற தொண்டு நிறுவனம் பழைய தோட்டச் சுழலிகளைப் புதுப்பிப்பதில் தொடங்கி, உள்ளூர்ப் பட்டறைகளிலேயே சுழலி செய்யப் பழக்கியது. 1997 முதல் உலக வங்கியின் கடனுதவித் திட்டங்கள் கைகொடுத்தன. கம்பி போகாத கிராமங்களில் மக்கள் மின்நுகர்வோர் சங்கம் அமைத்து, சிரமதானத்தில் வாய்க்கால் வெட்டி, நூற்றுக்கணக்கான சிறு நிலையங்களைக் கட்டினார்கள். பத்துப் பதினைந்து வருடங்களில் அரசாங்கத்தின் கம்பி அங்கேயும் வந்தது, நிலையங்களில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. மறுபுறம், 1996-இல் டிக் ஓயாவில் ஆரம்பித்து, 10 மெகாவாட்டுக்கு உட்பட்ட தனியார் நீர்மின் நிலையங்கள் வலையமைப்போடு இணைக்கப்பட்டன. தோட்டங்களின் ஓடைகளில் இன்று ஓடுபவை பெரும்பாலும் இவைதான். இவற்றின் ஒப்பந்தப்படி உற்பத்தியாகும் மின்சாரம் முழுவதும் சபைக்கு விற்கப்படுகிறது. ஏட்டுக் கணக்கில், தோட்டத்து ஓடையில் பிறந்த மின்சாரம் தோட்டத்தைக் கடந்து உப மின்நிலையத்துக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்தால்தான் லயனில் விளக்கு எரியும். சாதாரண நாட்களில் இதில் தவறொன்றும் இல்லை. பௌதிகப்படி மின்சாரம் எப்படியும் அருகில் உள்ள பாவனைக்குத்தான் முதலில் போகும். அசாதாரண நாட்களில்தான் அந்த ஒப்பந்தத்தின் வடிவம் வெளியே தெரிகிறது. சபை இல்லையென்றால் வாங்க ஆளில்லை, ஆளில்லாவிட்டால் மின்சாரமும் இல்லை.

இதைச் சீர்செய்யலாமா என்ற கேள்விக்குப் போகுமுன் வேறொரு நாளை நினைக்க வேண்டும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்றேகால் அளவில் இலங்கை முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்று எரிசக்தி அமைச்சர் சொல்ல, உலகமே சிரித்தது. குரங்கு பாவம். உலகத்தில் எல்லா வலையமைப்புகளிலும் தினமும் அணிலும் பறவையும் மரக்கிளையும் கோளாறு உண்டாக்குகின்றன. நாடு முழுவதும் இருள்வதில்லை. அன்று வெயில் நன்றாக அடித்தது, விடுமுறை நாள் என்பதால் பாவனை குறைவு, தேவையில் பாதியளவைச் சோலாரே தந்துகொண்டிருந்தது. பாரமான சுழலிகளைக் கொண்ட நிலையங்கள் சிலவே ஓடின. வலையமைப்பின் சடத்துவம் குறைந்திருந்ததால் சிறு கோளாறைத் தாங்க முடியவில்லை என்று மின்சார சபை பிறகு விளக்கியது. நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் மூன்று பொறிகளும் நின்றுபோக, அடுத்த நாட்களிலும் நேரம் பிரித்து மின்வெட்டு அமுலானது. ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தபோது, கூரைச் சோலார்களைப் பகல் மூன்று மணிவரை நிறுத்தி வையுங்கள் என்று சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. சூரிய மின்சாரத்தைப் பூட்டுங்கள் என்று வருடக்கணக்காகச் சொன்ன நாடு, அதை அணையுங்கள் என்று கெஞ்சவேண்டி வந்தது.

சடத்துவம் என்பதைப் பழைய தேயிலைத் தொழிற்சாலையை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். அந்தக் காலத்து எஞ்சினோடு ஆளுயரத்துக்கு ஒரு பறப்புச் சில்லு இருக்கும். திடீரென்று நாலு உருட்டு யந்திரங்களை ஒன்றாகப் போட்டாலும் எஞ்சின் மூச்சுத் திணறாமல் இருப்பதற்கு அந்தச் சில்லின் பாரமே காரணம். சுழலும் பாரம் சிறிது வேகம் இழந்து, தன்னிடம் சேர்ந்திருந்த சக்தியைக் கொடுத்து, எஞ்சின் சுதாரித்துக்கொள்ளச் சில விநாடிகள் வாங்கித் தரும். நாட்டின் வலையமைப்பிலும் அப்படித்தான். விக்டோரியா, கொத்மலை, லக்சபான நிலையங்களின் நூற்றுக்கணக்கான தொன் எடையுள்ள சுழலும் பாகங்கள்தாம் இலங்கையின் பறப்புச் சில்லு. எங்காவது ஒரு நிலையம் நின்றால் விநாடிக்கு 50 என்ற மீடிறன் சரியத் தொடங்கும். அந்தச் சரிவின் வேகத்தை இந்தப் பாரம்தான் கட்டுப்படுத்துகிறது. சோலாரில் சுழல்வது எதுவும் இல்லை. அதன் பங்கு கூடக் கூடச் சில்லு இளைக்கிறது.

பேராதனைப் பல்கலைக்கழகத்து மின்பொறியியல் பேராசிரியர் ஜானக ஏக்கநாயக்கவின் ஆய்வு இந்த இடத்தில்தான் நமக்கு வேண்டியதாகிறது. 2004-இல், அதாவது குரங்கு விவகாரத்துக்கு இருபது வருடங்களுக்கு முன், அவரும் சக ஆய்வாளர் நிக் ஜென்கின்ஸும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வலையமைப்பின் மீடிறன் விழும்போது இரு வகைக் காற்றாலைகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று ஒப்பிட்டது அது. பழைய நிலையான வேகக் காற்றாலை, தூண்டல் பிறப்பாக்கி வழியாக வலையமைப்போடு நேராகக் கோக்கப்பட்டது. மீடிறன் விழுந்தால் அதன் சுழலும் பாரம் தானாகவே உதவிக்கு வரும். புதிய வகைக் காற்றாலையில் இலத்திரனியல் நடுவே நிற்பதால், அதன் இறக்கைகள் எவ்வளவு பாரமாகச் சுழன்றாலும் வலையமைப்புக்கு அது தெரியாது. ஆனால் கட்டுப்பாட்டுக்குள் இன்னொரு சுற்றைச் சேர்த்துவிட்டால் ஒளிந்திருக்கும் அந்தப் பாரத்தை மீட்டெடுக்கலாம், பழைய காற்றாலையை விடவும் கூடுதலாகவே உதவ வைக்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள். இதன் பொருள் பெரியது. புதுப்பிக்கத்தக்க சக்தி வலையமைப்பைப் பலவீனப்படுத்துகிறது என்பது இயற்கை விதி அல்ல. அதை எப்படி இணைக்கிறோம், அதற்கு என்ன வேலை கொடுக்கிறோம் என்பதன் விளைவு. இதே ஆய்வாளர் 2002-இல் சிறு நீர்மின் நிலையங்களுக்கான தூண்டல் பிறப்பாக்கிகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார். 2012-இல் வெளிவந்த அறிவார்ந்த மின்வலையமைப்பு பற்றிய பாடநூலின் ஆசிரியர்களில் ஒருவர். பேராதனையிலிருந்து பதுளைக்கு ஒரு ரயில் பயணம்தான் தூரம். ஆய்வேட்டிலிருந்து அப்புத்தளை மலையின் மின்கம்பத்துக்கு உள்ள தூரம் இருபது வருடங்களாகியும் குறையவில்லை.

மற்ற நாடுகள் இந்தத் தூரத்தைப் பட்டுத்தான் கடந்தன. ஜெர்மனியில் பழைய சோலார் இன்வெர்ட்டர்கள் மீடிறன் 50.2-ஐத் தொட்டதும் ஒரே கணத்தில் கழன்றுகொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தன. சில நூறு வீடுகளுக்கு எழுதிய விதி இலட்சக்கணக்கான வீடுகளுக்கு வந்தபோது, நாட்டையே விழுத்தக்கூடிய பொறியாக மாறியது; 2012-இலிருந்து அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியதாயிற்று. தென் அவுஸ்திரேலியா 2016 செப்டம்பர் 28-இல் புயலில் முழுவதுமாக இருண்டது. அடுத்த வருடமே ஹோர்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் மின்கலத் தொகுதி ஒன்றை நிறுவியது, பின்னர் மின்சாரம் உற்பத்தி செய்யாமல் வெறுமனே சுழன்று பாரத்தை மட்டும் தரும் பெரும் பொறிகள் நாலையும் சேர்த்தது. காசு கொடுத்துப் பறப்புச் சில்லு வாங்கினார்கள் என்றே சொல்லலாம். இலங்கையும் மொத்தம் 160 மெகாவாட் மின்கலங்களை உப மின்நிலையங்களில் வைக்கக் கேள்விப்பத்திரம் கோரியது. நல்லது, வேண்டியதுதான். ஆனால் அது பெப்ரவரி 9-க்கான மருந்து. நவம்பருக்கு அது போதாது. ஏனென்றால் நவம்பரில் உப மின்நிலையத்துக்கும் லயனுக்கும் நடுவில் இருந்த கம்பியே மண்ணுக்குள் போய்விட்டது.

அங்கேதான் ஓடை வருகிறது. நொடிக்கு 100 லீட்டர் தண்ணீர் 100 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், குழாயிலும் பொறியிலும் போகும் இழப்பைக் கழித்து ஏறத்தாழ 60 கிலோவாட் கிடைக்கும். ஊவாவில் இத்தகைய ஓடை அதிசயமில்லை. இருபத்துநாலு மணி நேரமும் ஓடினால் அது நாளொன்றுக்கு 1,440 யூனிட். ஒரு கிலோ தேயிலை செய்ய அரை யூனிட்டிலிருந்து ஒரு யூனிட் வரை மின்சாரம் செலவாகும் என்று எடுத்துக்கொண்டால், நாளுக்கு 1,500 முதல் 2,500 கிலோ தயாரிக்கும் தொழிற்சாலையின் தேவையோடு அது கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. தொழிற்சாலை ஓடாத நேரத்தில் அதே 60 கிலோவாட் 200 லயன் வீடுகளுக்கு விளக்கும் தொலைபேசியும் விசிறியும் தரும், வீட்டுக்கு 300 வாட் கணக்கில். வெள்ளைக்காரன் இடம் பார்த்துச் சுழலி வைத்தது தற்செயலல்ல. தொழிற்சாலையும் ஓடையும் ஒன்றுக்கொன்று அளவாகவே இருந்தன.

தண்ணீர் வற்றும்போது என்ன செய்வது என்பது உடனே எழும் கேள்வி. ஊவாவின் காலநிலை இதற்குத் தானே பாதிப் பதிலைத் தருகிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்கு மலைச்சரிவில் கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரமற்ற கச்சான் காற்றாக ஊவாவுக்குள் இறங்குகிறது. ஆடி ஆவணியில் அந்த வறண்ட காற்றுப் பட்டுத்தான் ஊவாத் தேயிலைக்கு உலகம் விலை கொடுக்கும் அந்தத் தனி வாசம் ஏறுகிறது. அப்போது ஓடைகள் இளைத்துவிடும். ஆனால் வானம் தெளிந்து வெயிலும் காற்றும் கூடியிருக்கும். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை இடைப்பருவ மழையும் வடகீழ்ப் பருவமழையும் ஊவாவுக்குத் தண்ணீர் தரும். மேகம் சோலாரை மறைக்கும். ஒன்று குறையும்போது மற்றது கூடும் இப்படியொரு பொருத்தம் எல்லா மலைக்கும் வாய்ப்பதில்லை. நாட்டின் பெரிய நீர்மின் நிலையங்களுக்குத் தென்மேற்கு மழை வேண்டும். ஊவாவின் ஓடைகளுக்கு வடகீழ் மழை. தேசியக் கணக்கிலும் இவை ஒன்றுக்கொன்று கைமாற்று. பெப்ரவரி மார்ச் வறட்சிதான் இரண்டுக்கும் பொதுவான பலவீனம், அதை மறைக்கத் தேவையில்லை. அந்த மாதங்களில் வெயில் தாராளம், மின்கலம் கொஞ்சம் அதிகமாக உழைக்க வேண்டும்.

இனி, மின்சார சபையின் பொறியியலாளர்கள் முன்வைக்கும் மிக நியாயமான மறுப்புக்கு வருவோம்: கம்பத்தில் ஏறும் தொழிலாளியின் உயிர். இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமே இல்லை. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கரண்ட் போனால் தேயிலைத் தொழிற்சாலைகள் இப்போதும் இருண்டு கிடப்பதில்லை. டீசல் ஜெனரேட்டர் ஓடுகிறது. சபையின் கம்பியிலிருந்து தொழிற்சாலையைப் பிரிக்க ஒரு மாற்றுச் சுவிட்ச் இருக்கிறது, அதைத் திருப்பிவிட்டுத்தான் ஜெனரேட்டரைப் போடுவார்கள். அதாவது தோட்டம் தனித் தீவாக ஓடுவது பல காலமாக நடந்துவரும் வழக்கம். யாரும் ஆபத்து என்று சொல்வதில்லை. டீசலால் தீவாகலாம், தண்ணீரால் ஆகக்கூடாது என்பதற்குப் பௌதிகத்தில் நியாயமில்லை. சபையின் 33 கிலோவோல்ட் கம்பியை உயிரோடு வைத்திருக்க யாரும் கேட்கவில்லை. தோட்டத்தின் எல்லையில், பூட்டுப் போடக்கூடிய, கண்ணால் பார்த்து உறுதிசெய்யக்கூடிய துண்டிப்பான் ஒன்று. அதற்கு உள்ளே தொழிற்சாலை, லயன்கள், மருந்தகம், பாடசாலை, தொலைபேசிக் கோபுரம். தூண்டல் பிறப்பாக்கிக்குக் காந்தப்புலம் தர மின்தேக்கிகளும், மிகையான மின்சாரத்தை விழுங்க ஒரு தண்ணீர் சூடேற்றியும், தாளம் போட மின்கலத்தோடு கூடிய இன்வெர்ட்டர் ஒன்றும் போதும். இவற்றில் எதுவும் நாளைக்குக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதல்ல. அமெரிக்காவின் ஐஇஇஇ 1547 நெறியே 2003-இல் கழன்றுகொள் என்பதை மட்டும் வலியுறுத்தியது. 2018 திருத்தத்தில் திட்டமிட்ட தீவுகளுக்கு இடம் கொடுத்தது. கட்டுபெத்தையில் மொரட்டுவைப் பல்கலைக்கழக வளாகத்திலும் லெகோ மின்விநியோக நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு நுண்வலையமைப்பு உருவாக்கப்பட்டிருக்கிறது. கரையோர நகரத்து வளாகத்தில் முடிவது மலையில் முடியாது என்பதற்குக் காரணம் தொழில்நுட்பமாக இருக்க முடியாது.

மண்சரிவு கம்பியைக் கொண்டுபோனால் வாய்க்காலையும் கொண்டுபோகாதா? போகும், சில இடங்களில். 2014 ஒக்டோபர் 29-இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களையே விழுங்கிய மண் ஒரு குழாயை விட்டுவைக்காது. ஆனால் இங்கே எண்ணிக்கை பேசுகிறது. கொழும்பிலிருந்தோ ரந்தெனிகலவிலிருந்தோ வரும் கம்பி பல மலைகளைக் கடந்து வருகிறது. எந்த ஒரு மலை சரிந்தாலும் அதற்குப் பின்னால் உள்ள எல்லாத் தோட்டங்களும் இருளும். பசறையிலும் லுணுகலையிலும் மடுல்சீமையிலும் நமுனுகுலையிலும் தனித்தனியாக நிற்கும் முப்பது தீவுகளில் ஐந்து அழிந்தாலும் இருபத்தைந்து மிஞ்சும். மிஞ்சிய இடத்தில் காயம்பட்டவரைக் கொண்டுபோகலாம், தொலைபேசியைச் சார்ஜ் செய்யலாம், அடுத்த சரிவு பற்றிய எச்சரிக்கையைக் கேட்கலாம். புவேர்ட்டோ ரிக்கோவின் மலைநகரமான அட்ஹுந்தாஸ் இதற்கு மிக நெருங்கிய உதாரணம். கோப்பி விளையும் ஊர், நம்முடையதைப் போலவே சரிவும் சுற்றுப்பாதையும். 2017-இல் மரியா சூறாவளி அந்தத் தீவின் வலையமைப்பை நொறுக்கியபோது சில பகுதிகளுக்கு மின்சாரம் திரும்ப ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. காசா புவெப்லோ என்ற சமூக அமைப்பின் கட்டடம் மட்டும் தன் கூரைச் சோலாரில் எரிந்தது. மருத்துவ உபகரணங்களை ஓட்டவேண்டியவர்கள் அங்கேதான் போனார்கள். 2023 மார்ச்சில் அந்த ஊரின் சதுக்கத்தைச் சுற்றியுள்ள 14 வியாபார நிலையங்களை இணைத்து நுண்வலையமைப்பு தொடங்கியது. அது ஊர் முழுவதுக்கும் அல்ல, மருந்துக் கடை, வெதுப்பகம் போன்றவற்றுக்கு. பேரிடரில் எல்லாருக்கும் எல்லாம் வேண்டியதில்லை. எதை அணைக்கக்கூடாது என்று முன்கூட்டியே தெரிந்தால் போதும்.

இன்னொரு மறுப்பு சுற்றாடலாளர்களுடையது, அதை நான் இலகுவில் ஒதுக்கமாட்டேன். இலாபத்துக்காகக் கட்டப்பட்ட சிறு நீர்மின் நிலையங்கள் பல ஓடைகளைக் குழாய்க்குள் இழுத்துவிட்டு, கிலோமீட்டர் கணக்கில் வெறும் பாறையை விட்டுச்சென்றிருக்கின்றன. கீழே குளிக்கவும் குடிக்கவும் அந்தத் தண்ணீரை நம்பியவர்கள் பெரும்பாலும் தோட்டத்து மக்கள். பெரிய திட்டங்களின் பாடம் இன்னும் கசப்பு. 120 மெகாவாட் உமா ஓயாத் திட்டத்துக்காக மலையைக் குடைந்தபோது 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது, 2017-இல் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2024 ஏப்ரல் 24-இல் ஈரானிய ஜனாதிபதி ரய்சி வந்து திறந்துவைத்த அந்த நிலையம் இன்று நாட்டுக்கு மின்சாரம் தருகிறது. எல்ல மலைகளுக்கு அடியிலேயே அது இருந்தும், பக்கத்து மலையில் ஒரு கம்பி அறுந்தால் அங்குள்ள லயனுக்கு அது மகாவலி அளவுக்கே தூரம். ஆகவே புதிய அணைகளை நான் கேட்கவில்லை. ஏற்கெனவே வாய்க்கால் வெட்டி, குழாய் போட்டு, ஓடையை ஒருமுறை காயப்படுத்திவிட்ட இடங்களிலாவது அந்த மின்சாரம் மேலும் ஒரு வேலையைச் செய்யட்டும் என்பதே கோரிக்கை. பழைய தோட்டச் சுழலிகளின் கைவிடப்பட்ட தளங்களைப் புதுப்பிப்பதானால், வறட்சியிலும் ஓடையில் விட்டுவைக்க வேண்டிய நீரின் அளவை முதலில் எழுதிவிட்டுத்தான் பொறியை வாங்க வேண்டும்.

செலவைப் பற்றிப் பேசுபவர்கள் பொதுவாக ஒரு யூனிட் சோலாரையோ நீர்மின்னையோ சாதாரண நாளின் விலையோடு ஒப்பிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் பெரிய வலையமைப்பே மலிவு. தோட்டங்கள் அன்று சுழலிகளைக் கைவிட்டதும் அதனால்தான். ஒப்பிட வேண்டியது 2022 மார்ச் இறுதியின் விலையோடு. அன்று நாட்டில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. ஜெனரேட்டருக்குப் போட டீசலும் இல்லை. வாடல் தட்டில் பரப்பிய கொழுந்துக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காற்று வேண்டும். உருட்டிய பிறகு நொதிப்பு எந்தக் கட்டத்தில் நிற்க வேண்டும் என்பது நிமிடக் கணக்கு. நடுவில் கரண்ட் போனால் அந்தக் கொழுந்தைக் காப்பாற்ற முடியாது, அதைப் பறித்தவர்களின் ஒரு நாள் உழைப்பும் அதோடு போகும். ஒரு நாளைக்குச் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கும் மின்சாரமா, ஒரு நாளைக்கு ஒரு தொழிற்சாலையின் கொழுந்தைக் காப்பாற்றும் மின்சாரமா என்று கேட்டால் கணக்கு மாறிவிடும்.

ஆனால் யாருடைய கணக்கு? இதில்தான் எனக்குத் தயக்கம் உண்டு. நிலம் அரசுடையது, 1992 முதல் குத்தகை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுடையது, ஓடையின் உரிமத்தை இன்னொரு கம்பனி வாங்கியிருக்கும், லயனில் குடியிருப்பவரின் பெயரில் காணியுமில்லை, பல இடங்களில் மின்மானியும் இல்லை. இந்த நிலையில் ஒரு தீவை உருவாக்கினால், தட்டுப்பாட்டு நாளில் முதலில் எரிவது பங்களாவா, தொழிற்சாலையா, லயனா என்பதை முடிவுசெய்பவர் துரையாகத்தான் இருப்பார். வெள்ளைக்காரன் காலத்துச் சுழலி கற்றுத்தந்த பாடம் இதுவே: உள்ளூர் மின்சாரம் தன்னாலே நீதியான மின்சாரம் ஆகிவிடாது. கிராமங்களின் மின்நுகர்வோர் சங்கங்கள் தங்கள் பிரதேசத்தில் யாருக்கு எவ்வளவு என்று தாமே எழுதி வைத்தன. அவை கம்பி வந்ததும் கலைந்துபோனது வேறு விஷயம். நேபாளத்தில் அப்படிக் கலைய விடாமல், 2018-இல் நுவாகோட் மாவட்டத்தின் 23 கிலோவாட் சிறு நிலையம் ஒன்றையே தேசிய வலையமைப்போடு இணைத்து, ஊரே மிகுதியை விற்கும்படி செய்தார்கள். இலங்கையில் மின்சார சபையைக் கம்பனிகளாகப் பிரிக்கும் சட்டம் 2024-இல் வந்து 2025-இல் திருத்தப்பட்டிருக்கிறது. யார் விற்கலாம், யார் வாங்கலாம் என்ற விதிகள் மறுபடி எழுதப்படும் காலம் இது. அந்த விதிகளில் தோட்டத்து வீட்டுக்குத் தனி மின்மானியும், அவசர நாளில் எவற்றை அணைக்கக்கூடாது என்ற பட்டியலும், அந்தப் பட்டியலை எழுதும் இடத்தில் லயன் மக்களின் ஒரு குரலும் எழுத்தில் வர வேண்டும். இன்வெர்ட்டரை எப்படித் தாளம் போட வைப்பது என்று பேராதனையால் சொல்லித்தர முடியும். இந்தப் பட்டியலை அது எழுதித் தர முடியாது.

முதல் சோதனைக்குப் பெரிய திட்டமொன்றும் வேண்டாம். ஓடும் நீர்மின் நிலையமும் தொழிற்சாலையும் ஒரே எல்லைக்குள் இருக்கும் தோட்டம் ஒன்று போதும். ஆடி மாதத்துக் கச்சான் காற்றில், ஓடை மெலிந்து, கொழுந்து விலை உச்சத்தில் நிற்கும் ஒரு வேலைநாளில் சபையின் கம்பியை வேண்டுமென்றே துண்டித்துப் பார்க்க வேண்டும். மார்கழி மழையில் இன்னொரு முறை, அப்போது இரவில். விளக்கு எத்தனை விநாடி மினுங்கியது, வாடல் விசிறி நின்றதா, லயனில் எந்த வரிசை முதலில் இருண்டது என்று குறித்து வைத்தால், அடுத்த தோட்டத்துக்கு வேண்டிய மின்கலத்தின் அளவை அந்தக் குறிப்பிலிருந்தே கணக்கிடலாம்.